ஏழு நாள் இணையம் நின்ற வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

வீடும் ஆட்களும்

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் என் அக்காவின் வீடு இருக்கிறது. கீழ்த்தளமும் மாடியுமாக இரண்டு அடுக்கு, ஐந்து பேர். அத்தான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். அக்கா உள்ளூர்க் கடைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேருக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுக்கிறார். இந்தக் கதை தொடங்கும்போது மகள் பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு, மகன் பத்தாம் வகுப்பு. அத்தானின் அம்மா கீழ்த்தளத்தில் இருப்பவர். தொலைக்காட்சியில் யூடியூப் வழியாகத் திருப்புகழ் கேட்காமல் அவருக்குப் பொழுது விடியாது.

நான் சென்னையில் இருக்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அங்கே போவேன். அந்த வீட்டின் கணினி வேலைகளை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

2024 பொங்கல் விடுமுறையில் அந்த வீட்டின் ரவுட்டர், மேசைக்கணினி, கோப்புச் சேமிப்பு எல்லாவற்றையும் கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளுக்கு, மாற்றினேன். பத்து மாதம் ஒரு முறையீடும் இல்லாமல் ஓடியது. நவம்பர் 27ஆம் தேதி இரவு நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியது டிசம்பர் 4ஆம் தேதி மாலை. பழுதான பொருள் நானூறு ரூபாய் விலையுள்ள ஒரு நினைவக அட்டை. நானூறு ரூபாய்ப் பழுதுக்கு ஏழு நாள் ஏன் ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 தீபாவளி: முறையீடும் அளவீடும்

தீபாவளிக்குப் போயிருந்தபோது அக்கா சொன்னது இது: மாலை ஏழு மணிக்கு மேல் நெட் படுத்துவிடுகிறது, பகலில் ஒரு குறையும் இல்லை. கேபிள் நிறுவனத்தில் இரண்டு முறை சொல்லியாயிற்று. அவர்கள் வந்து பார்த்து, வேகம் சரியாக வருகிறது என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மோடத்திலிருந்து கம்பி வழியாக நேரே என் மடிக்கணினியை இணைத்து அளந்தேன். இறக்கம் 48 மெகாபிட், ஏற்றம் 10. அவர்கள் சொன்னது பொய்யில்லை. வெளியே ஒரு செய்தி போய்த் திரும்ப 9 மில்லிவினாடிதான் ஆனது. இரவு எட்டு மணிக்கு அதே இடத்தில் அதே அளவீட்டைச் செய்தபோது 380 மில்லிவினாடிக்கு மேல் போனது.

காரணம் எளிது. மாலையில் எல்லோருடைய கைபேசிகளும் வீடு திரும்புகின்றன. பகலில் எடுத்த படங்களும் காணொளிகளும் தாமாக மேலேறத் தொடங்குகின்றன. பத்து மெகாபிட் ஏற்றப் பாதை உடனே நிரம்பிவிடுகிறது. மோடமோ எதையும் மறுக்காமல் வந்ததையெல்லாம் வரிசையில் நிறுத்திக்கொண்டே போகிறது. ரேஷன் கடையில் பத்து மூட்டை அரிசி அளக்கப்படும்போது, அதற்குப் பின்னால் ஒரு கிலோ சர்க்கரைக்காக வந்தவரும் நிற்கவேண்டியிருக்கிறது அல்லவா, அதே நிலை. பாதையின் அகலம் குறையவில்லை, வரிசைதான் நீண்டுவிட்டது. வேக அளவீட்டில் இது தெரியவே தெரியாது.

வேறு இரண்டு குறைகளும் இருந்தன. மோடம் கூடத்தில், இரும்பு பீரோவை ஒட்டிய அலமாரிக்குள் இருந்தது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போன வைஃபை பெயரளவுக்குத்தான் இருந்தது. அக்காவின் மேசைக்கணினி 2014இல் வாங்கியது: நான்காம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜி.பி. நினைவகம், சுழலும் வட்டு. விண்டோஸ் 10 திறந்து வேலைக்குத் தயாராக ஆறு நிமிடம் ஆனது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடியும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஓடுகிற கணினியைத் தேதி பார்த்துத் தூக்கி எறிய அக்காவுக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான்.

பொங்கல் விடுமுறையில் எடுத்த முடிவுகள்

முதலில் ரவுட்டர். பழைய பொருள் விற்பவரிடம் 1,400 ரூபாய்க்கு ஒன்று வாங்கி, அதில் ரவுட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியின் 23.05 பதிப்பை நிறுவினேன். இந்த மென்பொருளின் பெயரிலேயே அதன் பிறப்பு இருக்கிறது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் இருந்தது. பயன்படுத்துபவருக்கு மூல நிரலையும் தரவேண்டும் என்னும் ஜி.பி.எல். உரிமத்தின்படி அதன் மூல நிரலை 2003இல் வெளியிடவேண்டி வந்தது. அந்த நிரலை அடிப்படையாகக் கொண்டு 2004இல் தொடங்கிய திட்டம் இது. அப்படி ஓர் உரிமம் இல்லாதிருந்தால், பழைய சந்தையில் வாங்கிய பெட்டிக்குப் புது உயிர் கொடுக்கும் வாய்ப்பே எனக்கு இருந்திருக்காது.

மோடம் தானே முகவரி கொடுக்காமல், இணைப்பை என் ரவுட்டருக்கு அப்படியே கடத்தும் வெறும் பாலமாக மட்டும் இயங்கும்படி மாற்றித் தரக் கேபிள் நிறுவனத்தைக் கேட்டேன். வீட்டு இணைப்புகளுக்கு அப்படிச் செய்வதில்லை என்றார்கள். ஆகவே மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் பின்னால் என் ரவுட்டரை இணைத்தேன். இங்கே ஒரு சிறு சிக்கல். மோடத்தின் உள்முகவரி 192.168.1.1. ஓப்பன்டபிள்யூஆர்டி தானாக எடுத்துக்கொள்ளும் முகவரியும் அதுவே. இரண்டில் ஒன்றை மாற்றியாக வேண்டும். நான் மோடத்தின் முகவரியை 192.168.100.1 என்று மாற்றினேன். ஏன் மோடத்தை மாற்றினேன் என்று கேட்டால், அந்த நேரத்தில் உலாவியில் அதன் பக்கம் திறந்திருந்தது. அவ்வளவுதான் காரணம். வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரிசைச் சிக்கலுக்கு ரவுட்டரில் எஸ்.க்யூ.எம். என்ற பகுதியை இயக்கி, கேக் என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையான வேகத்தில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எல்லையாக வைத்தேன்: இறக்கம் 43, ஏற்றம் 9. இப்படி வைத்தால் வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரிலேயே நிற்கும். அங்கே மூட்டைக்காரருக்கும் சர்க்கரைக்காரருக்கும் மாறி மாறி முறை வரும். அன்று இரவு எட்டு மணி அளவீடு 30 மில்லிவினாடிக்குள் வந்தது. இந்த ஒரே மாற்றத்தோடு நான் ஊர் திரும்பியிருந்தாலும் அக்காவின் முறையீடு தீர்ந்திருக்கும்.

மாடிக்கு வயர்மேனைக் கொண்டு கேட்6 கம்பி இழுத்து, இரண்டாவது வைஃபை பெட்டி வைத்தோம். மேசைக்கணினிக்குச் சுழலும் வட்டைவிட வேகமான ஓர் எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 4 ஜி.பி. நினைவகமும் சேர்த்து, விண்டோஸுக்கு மாற்றாக, அந்த வாரம்தான் வெளிவந்திருந்த லினக்ஸ் மின்ட் 21.3 பதிப்பை நிறுவினேன். விண்டோஸ் இருந்த பழைய வட்டை அழிக்கவில்லை. அக்காவின் வாடிக்கையாளர்களில் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் இருக்கிறது. அதன் படிவங்களுக்கு யு.எஸ்.பி. டோக்கனில் உள்ள டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்ப மென்பொருள் லினக்ஸில் ஒழுங்காக ஓடவில்லை. மற்றவர்கள் எல்லாரும் தனி உரிமையாளர்கள், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. போதும். ஆகவே மாதம் ஒருமுறை விண்டோஸ், மற்ற நாட்களில் மின்ட். கொள்கைப் பிடிவாதம் பிடிக்காமல் அந்த வட்டை விட்டுவைத்தது நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

அத்தானின் வினாத்தாள்கள்

முதன்மைக் கதைக்கு இது கிளைதான். ஆனாலும் அந்த வீட்டில் புதிய ஏற்பாட்டின் மீது நம்பிக்கை வந்தது இதனால்தான்.

அத்தானிடம் 2005 முதல் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் முந்நூறுக்கு மேல் இருந்தன. எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திருக்குறள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் முதல் கோப்பைத் திறந்ததும் அத்தானின் முகம் மாறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எழுத்துருவை நகலெடுத்துப் போட்டால் அப்போதைக்குப் படிக்கலாம். ஆனால் தேட முடியாது, கைபேசிக்கு அனுப்ப முடியாது. எனவே ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள குறிமாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்ற முனைந்தேன். முதல் முயற்சி கேலிக்கூத்தாக முடிந்தது. தாளில் இடையிடையே வந்த உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென்று எண்ணி மாற்றிவிட்டது. பிறகு கோப்புகளைப் புதிய வேர்டு வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன எழுத்துரு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, பழைய தமிழ் எழுத்துரு உள்ள துண்டுகளை மட்டும் மாற்றும்படி சிறு நிரல் எழுதினேன். இரண்டு இரவுகள் ஆயின. நாற்பது கோப்புகளில் அட்டவணைகள் சிதைந்தன. அவற்றை அத்தானே பின்னர் சரிசெய்தார்.

அவர் தட்டச்சுத் தேர்வு எழுதித் தேறியவர். தமிழ்99 விசைமுறைக்கு மாறச் சொன்னால் கைவிரல்கள் கேட்காது. மின்ட்டில் எம்17என் என்ற தொகுப்பின் உள்ளீட்டு முறைகளுக்குள் பழைய தட்டச்சுப்பொறி விசைமுறையும் இருப்பதைக் காட்டினேன். ஒரு பத்தி அடித்துப் பார்த்துவிட்டு, தன் கோப்புகள் எல்லாவற்றையும் புதிய பொதுச் சேமிப்புக்கே மாற்றிவிடச் சொன்னார்.

யாரும் கேட்காத ஒரு பெட்டி

அந்தப் பொதுச் சேமிப்பு ஒரு ராஸ்பெர்ரி பை 3, கையளவுள்ள ஒரு சிறு கணினிப் பலகை. இனி இதைச் சுருக்கமாகப் பை என்கிறேன். என்னிடம் சும்மா கிடந்தது. அக்காவின் கணக்கு அறையில் வைத்து, யு.எஸ்.பி. வட்டு ஒன்றை இணைத்து, சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக எல்லாக் கணினிகளுக்கும் திறந்துவிட்டேன். அக்காவின் கணக்குக் கோப்புறைக்கு மட்டும் சின்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் மூலம் மேசைக்கணினியிலும் ஒரு நகல் இருக்கும்படி செய்தேன். இதுவரை தேவையான வேலை.

அத்தோடு நிறுத்தாமல் அதே பெட்டியில் பை-ஹோல் என்ற விளம்பரத் தடுப்பு மென்பொருளையும் நிறுவினேன். இணையத்தில் எந்தப் பெயரைக் கேட்டாலும் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். அந்த வேலையைப் பை-ஹோல் ஏற்றுக்கொண்டு, விளம்பர நிறுவனங்களின் பெயர்களை மட்டும் தெரியாது என்று சொல்லிவிடும். வீட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. எனக்கு ஆசை. கூடவே பையன் பொதுத்தேர்வு எழுதும் ஆண்டு என்பதால் ஒரு விளையாட்டின் முகவரிகளையும் அடைத்துவைக்கும்படி அக்கா சொன்னார், செய்தேன். சென்னையிலிருந்து நான் உள்ளே வர வயர்கார்டு சுரங்கப்பாதையையும், அதாவது இணையத்தின் ஊடே செல்லும் பூட்டிய தனிப் பாதையையும், அதிலேயே முடித்துவைத்தேன். அந்த இணைப்புக்கு வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய தனிப் பொது முகவரி கிடையாது. எனவே நான் வாடகைக்கு வைத்திருக்கும் சிறு சேவையகத்துக்குப் பையே உள்ளிருந்து வெளியே கூப்பிடும்.

ரவுட்டர் எல்லாக் கருவிகளுக்கும் டி.என்.எஸ். முகவரியாகப் பையை மட்டுமே சொல்லியது. இரண்டாவது முகவரி ஒன்றையும் கொடுத்தால் கருவிகள் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. நினைத்தபோது அதைக் கேட்கும், விளம்பரம் கசியும். இதைத் தெரிந்தே, ஒன்றே போதும் என்று முடிவெடுத்தேன். ஆக, 1 ஜி.பி. நினைவகமும் ஒரு மைக்ரோ எஸ்.டி. அட்டையும் கொண்ட அந்தச் சிறு பலகை உயிரோடிருந்தால்தான் அந்த வீட்டில் இணையம் உண்டு என்றானது. இதை நான் யாரிடமும் அந்தச் சொற்களில் சொல்லவில்லை. எனக்கே அந்தச் சொற்களில் தோன்றவில்லை.

நவம்பர் 27 முதல் டிசம்பர் 4 வரை

2024 நவம்பர் கடைசி வாரம் டெல்டாவில் கனமழை. வயல்களில் இளம்பயிர் மூழ்கிக் கிடந்தது. 27ஆம் தேதி புதன் இரவு மின்சாரம் பலமுறை போய்ப் போய் வந்தது. மோடமும் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருந்தன, அவற்றுக்கு ஒன்றுமில்லை. கணக்கு அறையின் விளக்கும் மின்வெட்டில் எரியும். அதைப் பார்த்து, அந்த அறை முழுவதும் இன்வெர்ட்டரில்தான் இருக்கிறது என்று ஜனவரியில் நம்பியிருந்தேன். பை செருகியிருந்த பிளக் அந்த வரிசையில் இல்லை. இரவு முழுவதும் அது பட்டென்று அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. எந்த முறையில் அட்டை கெட்டது என்று தெரியாது, விடிந்தபோது கெட்டிருந்தது.

வியாழன் காலை எட்டு மணிக்கு அக்கா கைபேசியில் அழைத்தார். வைஃபை முழுதாகக் காட்டுகிறது, எதுவும் திறக்கவில்லை, இரண்டு பெட்டிகளையும் அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. நான் உடனே சுரங்கப்பாதையைப் பார்த்தேன். அறுந்திருந்தது. வெளியில் கம்பி போய்விட்டது, கேபிள் அலுவலகத்தில் சொல்லுங்கள் என்றேன். முதல் தவறான முடிவு இது. பாதை பையில் முடிகிறது என்பதால், அது அறுந்ததிலிருந்து கம்பி போனதா பை போனதா என்று சொல்லவே முடியாது. மழை, புயல் எச்சரிக்கை என்று செய்திகள் ஓடிக்கொண்டிருந்தபோது கம்பி போயிருக்கும் என்று நம்புவது எனக்கு எளிதாக இருந்தது. என் பெட்டியைச் சந்தேகிப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

அன்றிரவு பாட்டி ஒன்றைக் கவனித்தார். பையன் போர்வைக்குள் டேப்லெட்டில் காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே இறக்கி வைத்தது என்று சொல்லிவிட்டான்.

வெள்ளி பிற்பகல் கேபிள்காரர் மழையில் வந்தார். மோடத்தில் சிவப்பு விளக்கு இல்லை, ஒளி சரியாக வருகிறது. தன் கைபேசியில் சோதிக்க வைஃபை வேண்டும். அதை நான் அணைத்து வைத்திருந்தேன், அமைப்புப் பக்கத்தின் முகவரியையும் மாற்றியிருந்தேன். அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். ஊசியால் பின்பக்கக் குழியை அழுத்தி மோடத்தைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, பயனர் பெயரைப் போட்டு, கைபேசியில் இணையம் வருவதைக் காட்டினார். லைன் சரி, உள்ளே இருக்கும் ரவுட்டரை வைத்தவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் தவறில்லை.

அக்கா எனக்கு அழைத்து, வைஃபை பட்டியலில் புதிதாக ஒரு பெயர் தெரிகிறது என்றார். மோடத்தின் ஒட்டுத்தாளில் அதன் கடவுச்சொல் அச்சிடப்பட்டிருந்தது. அதில் சேர்ந்திருந்தால் அந்த நிமிடமே ஐந்து பேருக்கும் இணையம் வந்திருக்கும். இரண்டு வைஃபை குழப்பும், அதைத் தொடவேண்டாம், நான் வந்து பார்க்கிறேன் என்றேன். இந்த ஆய்வில் எழுதக் கூச்சப்படுகிற வரி இதுதான்.

மறுநாள் சனி, நவம்பர் 30. முந்தைய நிதியாண்டின் உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலின்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வதை, கோருவதற்குக் கடைசி நாள் அதுதான். இரண்டு கடைகளின் படிவம் பாக்கி. கைபேசி சிக்னல் வீட்டுக்குள் இல்லை, மொட்டைமாடிப் படிக்கட்டின் உச்சியில் மட்டும் கிடைத்தது. மேசைக்கணினியில் சின்க்திங் வைத்திருந்த நகலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மகளின் மடிக்கணினியோடு அக்கா படிக்கட்டில் உட்கார்ந்தார். மகள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலை நான்கு மணிக்குள் இரண்டையும் தாக்கல் செய்துவிட்டார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை.

அன்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. சென்னை விமான நிலையம் மூடப்பட்டிருந்தது. அடுத்து விழுப்புரம் பக்கம் வெள்ளம். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் நீர் ஏறி, டிசம்பர் 2 அன்று தெற்கே போகும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. எனக்குப் பயணச்சீட்டு இருந்தது அன்றைக்குத்தான். நான்காம் தேதி பகலில் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

நேரில் பார்த்தபோது

பையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. வேலை நடப்பதைக் காட்டும் பச்சை விளக்கு துடிக்கவே இல்லை. அட்டையை என் மடிக்கணினியில் செருகினேன், அடையாளமே தெரியவில்லை. மூன்று நிமிடத்தில் விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, ரவுட்டரே டி.என்.எஸ். வேலையைப் பார்க்கும்படி மாற்றினேன். இணையம் வரவில்லை.

இங்கே நாற்பது நிமிடம் போனது. கம்பிகளை மாற்றினேன், ரவுட்டரை மீண்டும் தொடங்கினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பையன் கடைசியில் வாயைத் திறந்தான்.

"மாமா, என்னுடைய டேப்லெட்டில் வெள்ளிக்கிழமை மதியம் வரை வந்தது. அதற்குப் பிறகுதான் நின்றது."

விளையாட்டு அடைபட்டதும் அவன் எப்போதோ டேப்லெட்டின் வைஃபை அமைப்பில் நிலையான முகவரியைக் கொடுத்து, டி.என்.எஸ். இடத்தில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரியை எழுதியிருக்கிறான். பையைச் சுற்றிப் போக அது போதும். எனவே புதன் இரவு விழுந்த பழுது அவனைத் தொடவில்லை. வெள்ளி மதியம் அவனுடையதும் நின்றதென்றால், அப்போது வேறொன்று நடந்திருக்க வேண்டும். வெள்ளி மதியம் நடந்தது கேபிள்காரரின் ஊசி.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தைப் பார்த்தேன். வெளிப்பக்கம் மோடம் கொடுத்த முகவரி 192.168.1 வரிசையில். உட்பக்கமும் 192.168.1 வரிசை. இரண்டு தெருக்களுக்கும் ஒரே பெயர் இருந்தால் கடிதம் எங்கே போகும்? மோடம் தொடக்க நிலைக்குப் போனதும் நான் மாற்றிவைத்த முகவரி அழிந்து, பழைய மோதல் திரும்பியிருக்கிறது. உட்பக்கத்தை 192.168.50.1 என்று மாற்றியதும் ஐந்து மணிக்கு இணையம் வந்தது. கீழே திருப்புகழ் கேட்டது.

பையன் வியாழக்கிழமையே இதைச் சொல்லியிருந்தால் கம்பி நன்றாக இருப்பது தெரிந்திருக்கும், கேபிள்காரர் வரவே வேண்டியிருந்திருக்காது. ஆனால் சொன்னால் மாட்டிக்கொள்வான். உண்மையைச் சொல்பவனுக்கு நட்டம் வரும்படி அமைத்தது நான்.

மாற்றியவை

பை இனி அந்த வீட்டில் இல்லை. விளம்பரத் தடுப்பு ரவுட்டருக்குள்ளேயே ஒரு சிறு பட்டியலோடு ஓடுகிறது. 128 எம்.பி. நினைவகத்தில் பெரிய பட்டியல் கொள்ளாது, சில விளம்பரங்கள் கசிகின்றன, யாரும் முறையிடவில்லை. வயர்கார்டும் ரவுட்டருக்கு மாறியது. ஆகவே இப்போது பாதை அறுந்தால் அதற்குப் பொருள் இருக்கிறது: இணைப்பு அல்லது ரவுட்டர், இரண்டில் ஒன்று.

கோப்புகளுக்கு ஒரு மடிக்கணினி. அத்தானின் தங்கை மகள் 2013இல் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினி, திரை உடைந்து பரணில் கிடந்தது. அந்தக் காலத்தில் அவை விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் தாங்கி வந்தன. அந்த வீட்டில் ஒருவரும் ஒருமுறைகூட அதைத் தேர்ந்தெடுத்துத் திறந்ததில்லை. பதினொரு ஆண்டு கழித்து அதில் டெபியன் 12 என்ற வேறொரு லினக்ஸ் ஏறியது. மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்து, 1,700 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டேன். மின்சாரம் போனால் தாங்க வேறு யு.பி.எஸ். வேண்டாம். எப்போதும் மின்னேற்றத்திலேயே இருக்கும் பேட்டரி உப்பக்கூடும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மோடத்தை இனி தொடுவதில்லை. கேபிள் நிறுவனத்தின் பெட்டி எந்த நாளும் தொடக்க நிலைக்குப் போகலாம் என்று எண்ணி, அந்த நிலையிலேயே அதோடு ஒத்துப்போகும்படி என் பக்கத்தை அமைத்தேன். அதன் வைஃபையும் ஒட்டுத்தாளில் உள்ள பெயரோடும் கடவுச்சொல்லோடும் எரிந்துகொண்டே இருக்கிறது. என் ரவுட்டர் செத்தாலும் அவர்கள் என்னைச் சுற்றிப் போகலாம். இதனால் வைஃபை நெரிசல் கொஞ்சம் கூடுகிறது, வரிசை ஒழுங்கும் அந்தப் பக்கம் இல்லை. தெரிந்தே ஏற்றுக்கொண்டேன்.

பையனிடம் அக்காவும் நானும் உட்கார்ந்து பேசினோம். விளையாட்டுத் தடையை எடுத்தோம். இரவு பத்தரைக்கு மேல் அவன் டேப்லெட்டுக்கு இணையம் நிற்கும், அதை அவனும் ஒப்புக்கொண்டான். ரவுட்டரின் கடவுச்சொல் எழுதிய தாள் அவனிடமும் ஒன்று இருக்கிறது. நினைத்தால் அந்த நேரக் கட்டுப்பாட்டை அவன் மாற்றலாம். மாற்றியதாகத் தெரியவில்லை, நான் பார்க்கவும் இல்லை.

மீண்டும் செய்வதானால் ஜனவரியிலேயே ஒவ்வொரு பெட்டியையும் அணைத்து, என்ன நிற்கிறது என்று வீட்டார் முன்னிலையில் பார்த்திருப்பேன். பத்து நிமிட வேலை. பிளக்கையும் அப்படித்தான் சோதித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு

2025 பொங்கலன்று மாலை யாரிடமும் சொல்லாமல் மடிக்கணினிச் சேவையகத்தை அணைத்தேன். இரவு ஒன்பதரைக்கு அத்தான் ஒரு கோப்பு திறக்கவில்லை என்றார். மற்ற நால்வருக்கும் தெரியவில்லை. மே மாதக் காற்றில் இரண்டு நாள் விட்டு விட்டு மின்சாரம் போனபோது எதுவும் நிற்கவில்லை. ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. அடுத்த மாதம் அதற்கு மேம்படுத்தியது பையன்தான், நான் கைபேசியில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் வட்டைக் கையொப்ப நாளுக்கு மட்டும் இணைத்து, வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். அந்த ஒரு தேவை இன்னும் தீரவில்லை.

மோடம் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இணையம் நின்றால் செய்யவேண்டிய நான்கு படிகள். நான் எழுதியதில் மூன்றாவது படி, ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பார்த்து எனக்குச் சொல்லும்படி இருந்தது. அடுத்த முறை போனபோது அதை அடித்துவிட்டுப் பையன் தன் கையெழுத்தில் எழுதியிருந்தான்: "கீழே இருக்கும் வெள்ளைப் பெட்டியின் வைஃபையில் சேரவும். கடவுச்சொல் அதன் அடியில் உள்ளது. மாமா வரும்வரை காத்திருக்க வேண்டாம்."